கோடு எந்த மூட்டிலிருந்து வருகிறது?

ஓவியம் வரைவதற்காக டேப்லெட் வாங்கப் போகும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சைஸ் வாங்கலாம் சார்?" என்பதுதான். பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றி வரைய வேண்டும். அதே கருவியில் வேலையை முடித்துப் பத்திரிகைக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்பவும் வேண்டும். கடைக்காரர் சிப்பின் வேகத்தையும் திரையின் பளிச்சென்ற நிறத்தையும் சொல்வார். நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் கோடு எந்த மூட்டிலிருந்து வருகிறது?

விரல் மூட்டிலிருந்து வரும் கோடு நீளமாகப் போகாது. இரண்டு மூன்று சென்டிமீட்டரில் முடிந்துவிடும். கண்ணிமை, நகம், புடவைக் கரையின் பூவேலை எல்லாம் அதன் பொறுப்பு. மணிக்கட்டிலிருந்து வருவது வளைவு. கன்னம், குடத்தின் வயிறு, மாட்டின் கொம்பு, கையால் எழுதும் கதைத் தலைப்பில் 'ண'வின் சுழி, இவையெல்லாம் மணிக்கட்டு சுழல்வதால் பிறக்கின்றன. முழங்கையை அச்சாக வைத்து இழுக்கும் கோட்டுக்குத் தயக்கமே இருக்காது: தென்னை மரம், ரயில் பாலம், ஓடுகிற ஆளின் பிடரியிலிருந்து குதிகால் வரை இறங்கும் ஒற்றைக் கோடு. தோளிலிருந்து வருவது சுவருக்கும் பேனருக்கும் உரியது. வாசலில் கோலம் போடுகிறவர்களைக் கவனித்தால் இது விளங்கும். நாலு புள்ளிக் கோலத்தைக் குனிந்த இடத்திலேயே விரல்கள் முடித்துவிடும். மார்கழியில் தெருவை அடைத்துப் போடும் கோலத்துக்கு உடம்பே நகர்ந்தாக வேண்டும்.

டேப்லெட்டின் அளவு இந்த மூட்டுகளில் எதற்கு இடம் கொடுக்கிறது, எதைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் என் கணக்கு. சிறுவர் புத்தகங்களுக்கும் பத்திரிகைக் கதைகளுக்கும் படம் போடுவது என் தொழில். காகிதத்திலும் இந்தியன் இங்க்கிலும் கை பழகியவன். பிறகு மூன்று அளவு ஐபேடிலும் கூலிக்கு வரைந்திருக்கிறேன். ஆகவே இங்கே சொல்வது கையால் அறிந்தது.

முதலில் விளம்பரத்தில் வரும் அங்குல எண்களைத் தள்ளிவைப்போம். திரையை மூலைக்கு மூலை அளந்து 8.3 அங்குலம், 11 அங்குலம், 13 அங்குலம் என்று போடுகிறார்கள். 8.3-க்கும் 13-க்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் இரண்டரை மடங்கு. வரைகிறவருக்குப் புரிகிற மொழி காகிதம். ஐபேட் மினியின் திரை சுமார் 17.6 செ.மீ. நீளம், 11.6 செ.மீ. அகலம், ஏ6 தாளைவிடப் பெரிது, ஏ5 தாளைவிடச் சிறிது. 11 அங்குலத் திரை சுமார் 23-க்கு 16 செ.மீ.; ஏ5 நோட்டைவிட ஒரு சுற்றுப் பெரிது. 13 அங்குலத் திரை சுமார் 26-க்கு 20 செ.மீ.; ஏ4 தாளில் நீளவாக்கில் இரண்டு விரற்கடையும் அகலவாக்கில் ஒரு சென்டிமீட்டரும் வெட்டி எடுத்தால் அந்த அளவு வரும். மினி என்பது சட்டைப்பை நோட்டு, 11 என்பது பள்ளிக்கூட நோட்டு, 13 என்பது முழுத்தாள் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மினியில் விரல் மூட்டு தாராளமாக வேலை செய்யும். மணிக்கட்டு பாதி வளைவில் திரையின் விளிம்பைத் தொட்டுவிடும். 11-இல் மணிக்கட்டுக்கு முழு இடம் உண்டு. 13-இல்தான் முழங்கை மெல்லக் கலந்துகொள்ள ஆரம்பிக்கிறது. தோளுக்கு இடம் தரும் டேப்லெட் கிடையாது. சாம்சங்கின் 14.6 அங்குல அல்ட்ரா ஓரளவு நெருங்குகிறது. ஆனால் கேலக்ஸி டேப் எஸ்9 அல்ட்ராவின் எடை 732 கிராம். அதை மடியிலோ மேசையிலோ வைத்துத்தான் வரைய முடியும்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. அச்சுக்கு வரைகிறவர்கள் காலம்காலமாகப் பெரிதாக வரைந்து சிறிதாக்கித்தான் அச்சிட்டார்கள். அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர்கள் 10-க்கு 15 அங்குலப் பரப்பில் வரைகிறார்கள். புத்தகத்தில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குகிறது. ஜப்பானிய மங்கா ஓவியர்கள் பி4 தாளில் வரைந்ததை வார இதழ்கள் பி5 அளவில் அச்சிடுகின்றன. ஜிங்க் பிளாக் எடுத்து அச்சடித்த நாட்களில் நம் பத்திரிகைப் படங்களுக்கும் கேமராவில் சுருக்கிக்கொள்ளும் வசதி இருந்தது. சுருக்கும்போது கையின் சிறு நடுக்கம் மறைகிறது, மை கசிந்த ஓரம் கூர்மையாகிறது, கோடு இறுகுகிறது. பழைய ஓவியர்களின் கோட்டில் நாம் வியக்கும் கச்சிதத்துக்கு அவர்களின் கைத்திறனே முதற்காரணம். பெரிதாக வரைந்த பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

சின்ன டேப்லெட் இந்த வழக்கத்தை அப்படியே தலைகீழாக்குகிறது. முழுப்பக்கமும் தெரியும்படி வைத்துக்கொண்டு மினியில் ஒரு படம் வரைகிறீர்கள். அது ஏ4 அளவில் அச்சாகிறது. அகலம் 11.6 செ.மீ.யிலிருந்து 21 செ.மீ. ஆகிறது, அதாவது 1.8 மடங்கு. திரையில் தலைமுடியளவு தெரிந்த நடுக்கம் தாளில் அதே மடங்கு வளர்ந்து நிற்கும். ஒரு மில்லிமீட்டர் கோடு கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் பட்டையாகும். 11-இல் வரைந்தால் இந்தப் பெருக்கம் சுமார் 1.3 மடங்கோடு நிற்கிறது. 13-இல் வரைந்தது ஏறக்குறைய வரைந்த அளவிலேயே அச்சாகும். அதனால்தான் அச்சு வேலைக்கு 13 அங்குலத் திரையை நான் இவ்வளவு மதிக்கிறேன். அதில் கண்ணுக்குத் தெரிவதுதான் வாசகர் கைக்கும் போய்ச் சேர்கிறது. எனக்குத் தெரிந்த வரையில் டேப்லெட்டின் வேறெந்தச் சிறப்பும் ஓவியருக்கு இந்த அளவு நிம்மதி தராது.

"ஜூம் செய்து வரைந்தால் போயிற்று" என்பார்கள். ஜூம் கோட்டைக் காப்பாற்றும், படத்தைக் கைவிட்டுவிடும். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். ஏறத்தாழ 30 மீட்டர் அகலம். நடுவே பாறையின் இயற்கைப் பிளவு; அதில் நாகர்கள். இடப்பக்கம் ஒற்றைக்காலில் கைதூக்கி நிற்கும் தபசி. வலப்பக்கம் யானைகள், யானையின் அருகே முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி எலிகள். அந்தச் சிற்பத்தின் உயிர், ஏறக்குறைய எல்லா உருவங்களும் அந்தப் பிளவை நோக்கித் திரும்பியிருப்பதில்தான் இருக்கிறது. மினியில் முழுச் சிற்பத்தையும் அடக்கினால் பூனை கடுகளவாகிவிடும். பூனைக்காகப் பெரிதாக்கினால் பிளவு திரையை விட்டு வெளியேறிவிடும். பூனை எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பது மறந்து, பூனை மட்டும் மிஞ்சும். யானையின் முதுகு ஒரே வீச்சில் வர வேண்டிய கோடு. பெரிதாக்கிய திரையில் அது மூன்று துண்டாகத்தான் வரும். ஒட்டிய இடம் பழகிய கண்ணுக்குத் தெரியும். 13-இல் அதே சிற்பத்தை ஒரு முறையும் பெரிதாக்காமல் முடிக்க முடிகிறது. யானை முழங்கையிலிருந்து வருகிறது, பூனை விரலிலிருந்து வருகிறது, இரண்டும் ஒரே தாளில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஜூமில் இன்னொரு தீங்கும் உண்டு. முகத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி வரைந்து, உடம்பை இயல்பான அளவில் வரைந்தால், இரண்டுக்கும் கையின் வேகம் வேறாகிவிடும். பிரஷ்ஷின் தடிப்பு ஒன்றாகவே இருந்தாலும் முகத்தை ஒருவரும் உடம்பை இன்னொருவரும் வரைந்தது போலிருக்கும். படம் அனுப்பி அபிப்பிராயம் கேட்கும் இளைஞர்களின் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். அவர்கள் கையில் குறையில்லை. சின்னத் திரையில் பெரிய படத்தைச் செய்யச் சொல்லிக் கையை வதைக்கிறார்கள், அவ்வளவுதான். என் வழக்கம் இது: ஒரு படத்தின் கோட்டு வேலை முழுவதையும் ஒரே ஜூம் அளவில் முடிப்பேன். நகம், கண்மணி போன்ற நுணுக்கம் மட்டும் விதிவிலக்கு. ப்ரோகிரியேட் என்ற ஓவியச் செயலியில் இரண்டு விரலைச் சட்டென்று கிள்ளுவது போலச் சேர்த்தால் படம் முழுதாகத் திரைக்குள் வந்து அமரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைச் செய்து பக்கத்தை முழுசாகப் பார்த்துக்கொள்வது அவசியம்.

சின்னத் திரையில் வரைந்து பெரிய படைப்பு செய்யவே முடியாதா என்றால், முடியும். டேவிட் ஹாக்னி அதற்குச் சாட்சி. 2009-இல் ஐபோனில் கட்டைவிரலால் வரைய ஆரம்பித்தவர், 2010-இல் 9.7 அங்குல ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். 2011-இல் இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில், வோல்ட்கேட் என்ற சாலையோரம் வசந்தம் வருவதை நாள்நாளாக ஐபேடில் வரைந்தார். அவற்றைப் பெரிய பெரிய தாள்களில் அச்சிட்டு 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தார்கள். அவர் நுணுக்கமான கோட்டை நாடவில்லை. தடித்த தீற்றல், புள்ளி, வெளிப்படையான நிறம், பெரிதாக்கினால் பெரிதாகவே தெரியட்டும் என்ற துணிவு. சின்னத் திரையில் வரைந்து பெரிதாக அச்சிட வேண்டியவர்கள் கற்க வேண்டிய பாடம் அது: பெருகினாலும் அழகு கெடாத குறிகளைக் கொண்டு வரையுங்கள். பேனாக் கோட்டை நம்பி வாழும் என் போன்றவர்களுக்கு அந்த வழி பொருந்தாது.

இவ்வளவு சொன்ன பிறகும், வெளியே கிளம்பும்போது என் ஜோல்னாப் பைக்குள் இருப்பது மினிதான். காரணம் நின்றுகொண்டு வரைவது. 2024-இல் வந்த மினியின் எடை 293 கிராம். அதே ஆண்டு வந்த 11 அங்குல ஐபேட் ப்ரோ 444 கிராம், 13 அங்குலம் 579 கிராம். 2010-இல் வந்த முதல் ஐபேடே 680 கிராம், 2015-இல் வந்த முதல் 12.9 அங்குலம் 713 கிராம் என்று நினைத்துப் பார்த்தால் இன்றைய பெரிய திரையும் இலகுதான். ஆனால் கிராம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. நின்றுகொண்டு பிடிக்கும்போது இடது கை ஓர் ஓரத்தைப் பற்றுகிறது. கருவியின் எடை மையம் மணிக்கட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கை வலிக்கும். மினியில் அந்தத் தூரம் ஆறேழு சென்டிமீட்டர். 13-இல் பத்துக்கு மேல். படுக்கைவாட்டில் பிடித்தால் பதினான்கு. அதோடு உறையின் எடையும் சேரும். கீபோர்டு உறை போட்ட 13 அங்குலத்தை நின்றபடி பிடித்து வரைந்தால், சிறிது நேரத்தில் வரையும் கைக்கு முன்பே பிடித்திருக்கும் கை ஓய்ந்துவிடும். 11 அங்குலத்தை முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையின் மேல் படுக்கவைத்துப் பிடிக்கலாம். கணக்குப்பிள்ளைகள் பேரேட்டைப் பிடித்து எழுதுவார்களே, அந்தப் பிடி. அது நன்றாகவே நிற்கும்.

பேருந்திலும் ரயிலிலும் மினிக்கு ஈடில்லை. கருவியும் அதன் மேல் ஊன்றிய கையும் ஒரே பிடிக்குள் இருப்பதால் வண்டி குலுங்கினால் இரண்டும் சேர்ந்தே குலுங்குகின்றன, கோடு தப்பிக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரின் விலாவில் நம் முழங்கை இடிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. பெரிய திரையை விரித்து வைத்தால் கூட்டம் கூடும். பிள்ளைகள் வந்து எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், அவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்தும் விடுவேன். ஆனால் வரையப்படுகிறோம் என்று தெரிந்த மறுகணமே பூக்காரம்மா தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். பூத் தொடுத்த கையின் வேகமும் முதுகின் வளைவும் போய்விடுகின்றன. மினியைக் கையில் வைத்திருப்பவரை எல்லோரும் போன் பார்க்கிறவர் என்றே எண்ணுகிறார்கள். உலகம் தன்பாட்டில் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதைப் பார்த்து வரைவதுதான் களத்தில் வரைவதன் பயனே.

மினியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது உள்ளங்கை கருவியை விட்டு இறங்கிவிடும். அதன் கனம் 6.3 மில்லிமீட்டர், அந்தச் சிறு படி, ஊன்றிய கையை அந்தரத்தில் தொங்கவிடப் போதும். மினியில் வரைந்த படங்களில் பாதங்களும் தரையும் தளர்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேசை கிடைத்தால் அதே கனமுள்ள நோட்டு ஒன்றைக் கீழே அண்டக் கொடுங்கள், கை இறங்காது. அடுத்தது, கருவிப் பட்டைகள். பிரஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டியும் மேலேயுள்ள பொத்தான்களும் எல்லாத் திரையிலும் விரலுக்கு ஏற்ற அளவில்தான் இருந்தாக வேண்டும். ஆகவே சின்னத் திரையில் அவை படத்தின் இடத்தைத் தின்கின்றன. ப்ரோகிரியேட்டில் நான்கு விரலால் ஒரு தட்டு தட்டினால் அவை மறையும். மினி வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது. மூன்றாவது, கண். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு மினி சிரமம். அதன் திரை அங்குலத்துக்கு 326 புள்ளிகள் கொண்டது, மற்ற இரண்டும் 264 புள்ளிகள். கூர்மையில் மினிதான் முந்தி. ஆனால் அந்தக் கூர்மையைப் பார்க்க முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் கொண்டுபோனால் கழுத்து வளையும். கழுத்து வலியோடு யாரும் நல்ல கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கே வெப்பம் அந்த வரம்பைத் தாண்டிவிடும். திரை தானாக மங்கும். பிறகு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். எல்லா அளவுக்கும் இதே கதிதான். நிழலில் உட்காருங்கள், வேலை செய்யாத நேரத்தில் பைக்குள் வையுங்கள். திறந்த வெளியில் அதிகம் வரைகிறவர்கள் திரையின் ஒளியையும் பார்த்து வாங்க வேண்டும்: மினிக்கு 500 நிட்ஸ், 2024-இன் ஐபேட் ப்ரோ இரண்டுக்கும் 1000 நிட்ஸ். கடற்கரையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கோயில்களுக்குள் வரைவதானால் இன்னொரு யோசனை வேண்டும். 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா உள்ள டேப்லெட்டையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றே எண்ணிக் கிளம்புங்கள். அங்கே காகிதமும் பேனாவும்தான் துணை. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்ததும் அந்தக் கருவிகளால்தான். எந்த டேப்லெட் வாங்கினாலும் ஒரு சின்ன நோட்டைப் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. ப்ரோகிரியேட்டில் எத்தனை லேயர் கிடைக்கும் என்பதைத் திரையின் அளவு தீர்மானிப்பதில்லை. கருவியின் ரேமும் கேன்வாஸின் அளவும்தான் தீர்மானிக்கின்றன. 2021-இல் வந்த மினியில் ரேம் 4 ஜிபி, 2024 மினியில் 8 ஜிபி. 300 டிபிஐ-யில் ஏ3 படம் செய்கிறவர்கள் பழைய மினியை மலிவு என்று வாங்கினால் லேயர்களை எண்ணி எண்ணிச் செலவழிக்க நேரும். ஆப்பிள் பென்சிலில் யூஎஸ்பி-சி என்று ஒரு வகை உண்டு. விலை குறைவு, ஆனால் அழுத்தத்தை உணராது. மெல்லிசாகத் தொடங்கிப் பருத்து முடியும் கோடு அதில் வராது. ஓவியருக்கு அது உதவாது. சாம்சங்கின் எஸ் வரிசை டேப்களில் எஸ் பென் என்ற பேனா பெட்டியோடு வருகிறது. வரைவதற்கு அதைச் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை. பணம் அளவாக உள்ள மாணவர்களுக்கு 2020-இல் வந்த 10.4 அங்குல டேப் எஸ்6 லைட்டும் அதன் பின் வந்தவையும் நல்ல தொடக்கம். ஆனால் சாம்சங் திரைகளின் நீள அகல விகிதம் பெரும்பாலும் 16-க்கு 10. ஏ4 பக்கத்தை அதில் வைத்தால் ஓரத்தில் இடம் வீணாகும். ஆகவே அதன் 11 அங்குலம், ஐபேடின் 11 அங்குலத்தைவிட வரைகிறவருக்குச் சிறியது. சிறுவர் புத்தகத்தின் இரட்டைப் பக்கத்தைப் படுக்கைவாட்டில் விரித்து வரைகிறவர்களுக்கோ அதே நீளம் வசதி.

மினியில் வெளியே வரைந்து வந்ததை வீட்டில் பெரிய திரைக்கு மாற்றும் விதத்தையும் சொல்ல வேண்டும். பலர் அதைப் பெரிதாக்கி, மேலே ஒரு லேயர் போட்டு, கோட்டின் மேலேயே கோடு இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் விரலிலிருந்து வந்த கோட்டை முழங்கை பின்தொடர்கிறது. எந்த மூட்டுக்கும் சொந்தமில்லாத, ஊர்ந்து போகும் கோடு பிறக்கிறது. நான் அந்தப் படத்தை ப்ரோகிரியேட்டின் ரெஃபரன்ஸ் சாளரத்தில் ஓரமாகத் திறந்து வைத்துக்கொள்வேன். அதைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக வரைவேன். பூக்காரம்மாவின் முதுகு களத்தில் மணிக்கட்டால் வந்தது. மேசையில் அது முழங்கையால் மறுபடி வர வேண்டும். இரண்டாம் முறை வரும்போது முதல் படத்தில் இல்லாத ஒரு தீர்மானம் அதில் இருக்கும். இந்த மறுவரைவுக்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் இதைக் குறுக்குவழியில் செய்யச் சொல்லி யாருக்கும் நான் அறிவுரை தரமாட்டேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும், அதிலேயே பழக வேண்டும், அதிலேயே சம்பாதிக்கவும் வேண்டும் என்பவர்கள் 11 அங்குலத்தை வாங்குங்கள். மணிக்கட்டுக்கு முழு இடம் தரும் மிகச் சிறிய திரை அதுதான். நின்றும் வரையலாம், உட்கார்ந்தும் முடிக்கலாம், அச்சில் கோடு அதிகம் பெருகாது. வீட்டில் ஏற்கெனவே பெரிய பென் டிஸ்ப்ளேயோ கணினியோ இருப்பவர்கள், வெளியே பார்த்துச் சேகரிக்க மட்டும் கருவி தேடுபவர்கள், மினியை வாங்குங்கள். தினமும் உடன் வருவது அதுதான். கோட்டை நம்பி அச்சுக்கு வேலை செய்கிறவர்கள், எங்கே போனாலும் மடியோ மேசையோ கிடைக்கும் என்ற உறுதி உள்ளவர்கள், கண் மங்கத் தொடங்கியவர்கள், 13-ஐ வாங்குங்கள். 2024-இல் இந்தியாவில் மினியின் ஆரம்ப விலை 49,900 ரூபாய், 13 அங்குல ப்ரோவின் ஆரம்ப விலை 1,29,900 ரூபாய். இந்தப் பணத்தைப் போட்ட பிறகு மூட்டைப் பற்றி யோசிப்பது தாமதம்.

அதனால் கடைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். மூன்று காகிதக் கட்டு வெட்டிக்கொள்ளுங்கள்: ஒன்று 17.6-க்கு 11.6, ஒன்று 23-க்கு 16, ஒன்று 26-க்கு 20 சென்டிமீட்டர். ஒவ்வொன்றையும் அட்டையில் கிளிப் போட்டு, அந்தந்த டேப்லெட்டின் எடை வரும்படி அடியில் ஒரு புத்தகத்தையும் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் பேருந்திலும் சந்தையிலும் கடற்கரையிலும் அவற்றில் வரையுங்கள். வீட்டு மேசையிலும் வரையுங்கள். எந்தத் தாளின் விளிம்பில் கை அடிக்கடி இடிக்கிறது, எந்த அட்டையைக் காலையில் கிளம்பும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று பாருங்கள். இடித்தது சிறியது, வீட்டில் தங்கியது பெரியது. மிஞ்சியதை வாங்குங்கள்.